வேற்றுக்கிரகவாசியிடம் முதலில் என்ன கேட்பது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் ஒரு காணொளி சுற்றிச் சுற்றி வந்தது. 3ஐ அட்லஸ் என்பது வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல், அரசாங்கங்கள் மறைக்கின்றன, டிசம்பரில் பூமிக்கு வந்துவிடும் என்று ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிறார். அதை நான்கு பேர் எனக்குத் தனியாகவும் அனுப்பினார்கள். அதில் இருவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் சூரியக் குடும்பம் படித்தவர்கள்! 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டில் உள்ள ஒரு தொலைநோக்கி கண்டுபிடித்த வால்மீன் அது. வெளியிலிருந்து நம் சூரியக் குடும்பத்துக்குள் வந்ததாக நாம் அறிந்த மூன்றாவது விருந்தாளி. தூசியும் வாயுவும் கக்கிக்கொண்டு, பூமியிலிருந்து சுமார் 27 கோடி கிலோமீட்டர் தூரத்திலேயே கடந்துபோய்விட்டது. டிசம்பரும் முடிந்துவிட்டது. அந்தக் காணொளிக்காரர் இப்போது வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்.

நான் இந்தக் கதைகளுக்கு எதிரி இல்லை. எனக்கு ரொம்பப் பிடிக்கும். "அத்தை, நீங்க போய் ஏலியன் படமெல்லாம் பாக்குறீங்களா?" என்று என் தம்பி மகன் சிரிப்பான். பார்க்கிறேன், ஆங்கிலப் படமாக இருந்தால் கீழே ஓடும் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தாவது பார்க்கிறேன். பேரனோடு உட்கார்ந்து 'அயலான்' பார்த்துக் கைதட்டியும் இருக்கிறேன். அதில் வருகிற வேற்றுக்கிரகவாசி நல்ல தமிழ் பேசும். படத்துக்கு அது சரி. குழந்தைகளுக்கான கதையில் நரியும் காக்கையும் பேசவில்லையா?

என் குறை வேறு. வேற்று உலக உயிரைச் சந்திப்பது என்றாலே ஒன்று போர், இல்லையென்றால் நட்பு என்று இரண்டே சட்டைகளைத் தைத்து வைத்திருக்கிறோம். உண்மையில் அப்படி ஒன்று நடந்தால் எப்படி நடக்கும் என்று உட்கார்ந்து யோசிக்கிற கதைகள் குறைவு. தமிழில் மிகவும் குறைவு. அந்த வகைக் கதைதான் நம் பிள்ளைகள் படிக்க வேண்டியது என்பது என் கருத்து.

முதலில் தூரம். நமக்கு அடுத்த வீட்டு நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. 4.24 ஒளியாண்டு. 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு நான்கு விநாடிகூட ஆகாது. பிராக்சிமாவுக்குப் போக? எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அடுத்த வீட்டுக்கே இந்தக் கதி. ஆகவே ஊருக்கு மேலே தட்டு மாதிரி வந்து நிற்கும் என்பதை நான் நம்பவில்லை. வந்தால் ஒரு சமிக்ஞைதான் வரும். அதுவும் சந்தேகத்தோடுதான் வரும்.

இதுவரை நடந்தவற்றைப் பாருங்கள். 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, மைல் கணக்கில் ஓடிய பதிவுத் தாளில் ஒரு சின்னக் கிறுக்கலைக் கவனித்தார். 1.33 விநாடிக்கு ஒருமுறை, கடிகாரம் தோற்கும் ஒழுங்கில் ஒரு துடிப்பு. பாதி விளையாட்டாக அதற்குச் 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு வானத்தின் வேறொரு மூலையில் அதே மாதிரி இன்னொன்றையும் அவரே கண்டுபிடித்தார். இரண்டு மூலையிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நம்மைக் கூப்பிடுமா? அது பல்சர் என்ற சுழலும் நட்சத்திரம் என்று தெரிந்தது. (1974-ல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியருக்குப் போனது, அவருக்குப் போகவில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தபோதெல்லாம் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.)

1977 ஆகஸ்ட் 15-ல் அமெரிக்காவின் ஓஹியோவில் ஒரு ரேடியோ தொலைநோக்கி 72 விநாடி நேரம் பலமான சமிக்ஞை ஒன்றைப் பிடித்தது. தாளைப் பார்த்த ஜெரி எமன் என்பவர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு 'வாவ்!' என்று ஓரத்தில் எழுதினார். அதன் பிறகு எத்தனையோ முறை தேடியும் அது திரும்ப வரவில்லை. 2025 ஏப்ரலில், நம் நாட்டில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் குழுவினர், 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளின் காற்றில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஒரு வேதிப்பொருளின் சாயல் தெரிவதாகச் சொன்னார்கள். மற்ற விஞ்ஞானிகள், "அந்த அளவுக்குச் சான்று போதாது" என்று மறுத்தார்கள். வாதம் நடக்கிறது. ஒருவேளை அங்கே யாராவது இருந்து, நாம் இன்று "சௌக்கியமா?" என்று கேட்டால், "சௌக்கியம்" என்ற பதில் 248 ஆண்டு கழித்து வரும். கேட்டவரின் கொள்ளுப்பேரனின் கொள்ளுப்பேரன் அதை வாங்கிக்கொள்வான்.

இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு இதில்தான் கதை தெரிகிறது. ஒரு கேள்வியை எழுதி வைத்துவிட்டு, பதிலைப் படிக்கப்போகிறவனுக்குக் கேள்வி மறந்துபோகாமல் பத்துத் தலைமுறை காப்பாற்றுவது என்றால் சும்மாவா? ஒரு சொத்துப் பத்திரத்தையே மூன்று தலைமுறைக்குச் சண்டையில்லாமல் காப்பாற்ற முடியாத குடும்பங்கள் நாம். (உறவுகள் கோபிக்க வேண்டாம்.)

அடுத்தது மொழி. இங்கேதான் ஒரு ஒன்றாம் வகுப்பு டீச்சராக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

"கணிதம் எல்லோருக்கும் பொது மொழி" என்று இந்தக் கதைகளில் அடிக்கடி வரும். கார்ல் சேகன் 1985-ல் எழுதிய 'காண்டாக்ட்' நாவலில் பகா எண்கள்தான் சமிக்ஞையாக வரும். அழகான யோசனை. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றுக்குப் பக்கத்தில் செங்கற்சூளைகள் இருந்தன. ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு ஜனவரியில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று என் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. எனக்கு ஒடியாவில் ஒரு சொல் தெரியாது. புளியங்கொட்டையை எடுத்துப் பரப்பினேன். ஏழில் மூன்றை எடுத்தேன். அவள் மீதி நான்கையும் என் பக்கம் தள்ளினாள். பத்து நிமிடத்தில் கூட்டல், கழித்தல் எல்லாம் நடந்தது. சேகன் சொன்னது சரிதான்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு? "சாப்பிட்டாயா?" என்று கேட்க முடியவில்லை. "பயப்படாதே" என்று புளியங்கொட்டையில் எப்படிச் சொல்வது? எண்ணிக்கை தெரிகிறது என்பதால், எதிரே இருப்பது அறிவுள்ள உயிர் என்பது மட்டும் உறுதியாகும். அது நேற்று வரைக்கும் என்ன பட்டது, நம்மைப் பார்த்து என்ன நினைக்கிறது என்பதில் ஒரு துளிகூடத் தெரியாது.

ஒரு நாள் சத்துணவு வரிசையில் அவள் "அண்டா, அண்டா" என்று கையை நீட்டினாள். சமையல் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு வடித்த பெரிய அண்டாவைக் காட்டி, "இத வெச்சு என்னடி பண்ணப் போற?" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிப்போனது. ஒடியாவில் அண்டா என்றால் முட்டை! அவள் கேட்டது தட்டில் விழாமல் போன முட்டையை. ஒரே ஒலி, இரண்டு பொருள், நடுவில் ஒரு பசித்த குழந்தை.

இதை நான் 2016-ல் வந்த 'அரைவல்' படத்தைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன். டெட் சியாங் 1998-ல் எழுதிய கதையிலிருந்து எடுத்த படம். வந்திருப்பவர்களிடம் "பூமிக்கு எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும், ராணுவ அதிகாரிக்கு அவசரம். மொழியியல் அம்மா பலகையில் அந்த ஒரு வாக்கியத்தை எழுதி, இதைக் கேட்பதற்கு முன்னால் அவர்களுக்கு எதையெல்லாம் புரியவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவார். கேள்வி என்றால் என்ன, 'உங்கள்' என்றால் ஒருவரா பலரா, நோக்கம் என்ற ஒன்று அவர்களுக்கு உண்டா. நான் எழுந்து நின்று கைதட்டாத குறை. அது அப்படியே ஒன்றாம் வகுப்புப் பாடக்குறிப்பு! ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு'. அதே படத்தில், கருவி என்று சொன்னதை ஆயுதம் என்று எடுத்துக்கொண்டு உலகமே போருக்குத் தயாராகும். எனக்கு அண்டாவும் முட்டையும்தான் ஞாபகம் வந்தது.

'வா', 'போ', 'தண்ணி', 'உட்காரு' எல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டன. பதிலுக்கு வகுப்பு முழுக்கத் தண்ணீரைப் 'பாணி' என்று சொல்ல ஆரம்பித்தது. 'நாளைக்கு' என்பது வர மூன்று வாரம் ஆனது. 'ஏன்' என்பது ஏழாவது வாரம்தான் வந்தது. நான் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். என் காலைக் காட்டி, "டீச்சர், ஏன்?" என்றாள். அதுவரை நான் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். அன்றுதான் அவள் கேட்டாள். என்னைக் கேட்டால், வேற்றுலக உயிரோடு உண்மையான சந்திப்பு அவர்களின் சமிக்ஞை வந்த நாளில் நடக்காது. அவர்கள் நம்மைப் பார்த்து முதல் 'ஏன்' கேட்கிற நாளில் நடக்கும். அப்படி ஒரு கதையை நான் இன்னும் படிக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. சூளை வேலை முடிந்து குடும்பமே போய்விட்டது. பதிவேட்டில் 'நீண்ட நாள் வராதவர்' என்று எழுதும்படி ஆயிற்று.

என் தம்பி மகன் கணினித் துறை. "இப்ப ஏஐ இருக்கு அத்தை, எந்த மொழியா இருந்தாலும் ஒரு நிமிஷத்துல பிரிச்சு மேஞ்சிடும்" என்கிறான். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான். சிந்துவெளி முத்திரைகளைப் படித்துவிட்டதா உன் ஏஐ? ஐராவதம் மகாதேவன் ஐயா 1977-லேயே அந்த எழுத்துகளைத் தொகுத்து அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். புதிரை விடுவித்தால் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் நம் முதலமைச்சர் அறிவித்தார். எழுதியவர்கள் நம்மைப் போலவே இரண்டு கை, இரண்டு கண் உள்ள மனிதர்கள். காளை மாடு பார்த்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள். எகிப்திய எழுத்தைப் படிக்க ரொசெட்டா கல் இருந்தது. ஒரே செய்தி மூன்று வடிவங்களில், அதில் ஒன்று தெரிந்த கிரேக்கம். அப்படி இருந்தும் 1799-ல் கிடைத்த கல்லை வைத்து 1822-ல்தான் வழி பிறந்தது. சிந்துவெளிக்கு அப்படி ஒரு கல் கிடைக்கவில்லை. வானத்துக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. வேலை அதிகமாம்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தின் வீட்டு வாசலில் போய் இறங்குவது நமக்குப் புதிதல்ல. நாமே இறங்கியிருக்கிறோம். அந்தமானில் வடக்கு சென்டினல் தீவு இருக்கிறது. அங்குள்ள மக்களைச் சென்டினலியர் என்கிறோம். அது நாம் வைத்த பெயர். அவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் மொழி வெளியார் யாருக்கும் தெரியாது. 1880-ல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தத் தீவில் இறங்கி, ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். நல்லெண்ணம் காட்டத்தானாம். பெரியவர்கள் இருவரும் நோய் கண்டு இறந்துபோனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கதையை அந்தக் குழந்தைகளின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். வானத்திலிருந்து யாரும் வர வேண்டிய அவசியமே இல்லை.

எச்.ஜி. வெல்ஸ் 1898-ல் எழுதிய செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையில், வந்தவர்கள் பூமியின் கிருமி தாக்கிச் செத்துப்போவார்கள். அந்தமானில் நடந்தது அதற்கு நேர்மாறு. வந்தவர்கள் பிழைத்தார்கள், இருந்தவர்கள் போனார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் இன்று சில பத்துப் பேர். ஜாரவா மக்கள் தாங்களாகவே காட்டைவிட்டு வெளியே வந்து பழக ஆரம்பித்த பிறகு, 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது.

நல்லதாக ஒரு நாளும் உண்டு. 1991 ஜனவரி 4. மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு, படகிலிருந்து தேங்காய்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டது. சென்டினலியர் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். ஓர் இளைஞன் அவரைக் குறிவைத்து வில்லை வளைத்தபோது பக்கத்திலிருந்த பெண்ணொருத்தி அவனைத் தள்ளிவிட, அம்பு தண்ணீரில் விழுந்தது. அந்தப் பெண் ஏன் அப்படிச் செய்தாள் என்பதை அவளிடம் கேட்க ஒரு மொழி இல்லை. பின்னால் அரசே இந்தப் பயணங்களை நிறுத்திக்கொண்டது. கரையில் இருப்பவர்கள் வேண்டாம் என்றால் படகு திரும்பத்தான் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு பார்க்கப்போன ஹெலிகாப்டரை நோக்கி அம்பு விட்டுத் தாங்கள் நலம் என்று தெரிவித்தார்கள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அதனால்தான் வானத்தைப் பார்த்துக் கூவுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீபன் ஹாக்கிங்கும் வேண்டாம் என்றார். கொலம்பஸ் வந்த கதையாகிவிடும் என்பது அவர் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை, மேலே சொன்ன தூரமே நமக்குக் காவல். யாரைக் கேட்டுக் கூவுகிறோம் என்பதுதான் என் கேள்வி. 1974 நவம்பர் 16-ல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து 1679 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை, 25,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள நட்சத்திரக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். தொலைநோக்கியைப் புதுப்பித்த விழாவின் ஒரு நிகழ்ச்சி அது. மூன்று நிமிடம்கூட இல்லை. மனித இனம் முழுவதற்குமான கடிதம், கையெழுத்து ஒரு விழா மேடையில். 1989-ல் விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு நெறிமுறை வகுத்தார்கள். சமிக்ஞை வந்தால் சரிபார்க்க வேண்டும், உலகுக்குச் சொல்ல வேண்டும், நாடுகள் கலந்து பேசாமல் பதில் அனுப்பக் கூடாது என்று. நல்ல நெறிமுறை, ஆனால் சட்டம் அல்ல. மீறினால் கேட்க ஆளில்லை.

வாயேஜரில் வைத்த தங்கத் தட்டில் 55 மொழிகளில் வணக்கம் உண்டு. தெலுங்கு, கன்னடம், சிங்களம் உண்டு. பேச ஆளே இல்லாத சுமேரிய மொழிகூட உண்டு. தமிழ் இல்லை. இதற்காக நம்மவர்கள் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபத்தைவிட ஆவல்தான். தமிழில் சொல்லியிருந்தால் 'நாம்' என்று சொல்லியிருப்போமா, 'நாங்கள்' என்றா? ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரே சொல்லில் ஒப்பேற்றிவிடும். தமிழில் வாயைத் திறந்த உடனே, கேட்கிறவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, வெளியே நிறுத்துகிறோமா என்று முடிவு செய்தாக வேண்டும். இந்த ஒரு சொல்லுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு வருடம் சண்டை நடப்பதாக ஒரு கதை எழுதலாம். நான் ரசித்துப் படிப்பேன்.

களமும் நம்மிடமே இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம்மவர்களே கட்டி 1970-ல் முடித்த ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச் சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகைக்குச் சமமாக இருப்பதால் கருவி பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே ஒரு வானப் பொருளை ஒன்பது மணி நேரம் தொடரலாம். சுற்றுலா என்று பிள்ளைகளை ஊட்டிக்குக் கூட்டிப்போகும் பள்ளிகள், தாவரவியல் பூங்கா, படகு, வர்க்கி, சாக்லேட் என்று முடித்துத் திரும்பிவிடுகின்றன. சரிவில் படுத்துக்கொண்டு வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த ராட்சதக் காதை யாரும் காட்டுவதில்லை.

உங்களில் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். இரண்டு பேர் குறும்படம் எடுக்கிறீர்கள். முத்தொரையில் ஒரு மழை இரவு, பணியில் ஒருவர், தாளில் ஒரு கிறுக்கல் என்று தொடங்குங்கள். சண்டை வேண்டாம், தட்டு வேண்டாம். எழுதி எனக்கு அனுப்புங்கள். வழக்கம்போல ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.